ஆச்சிக்கு ஒரு நல்ல படம்: வீட்டு அறையில் ஒற்றை ஃபிளாஷ்

குமரி மாவட்டத்தில் எந்த வீட்டு முன்னறையிலும் சுவரில் பெரியவர்களின் படம் இருக்கும். அவற்றில் பல, ஏதோ கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தோடு நின்றதிலிருந்து வெட்டி எடுத்தவை. ஆதார் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் நீல நிறம் நிரப்பி, கழுத்துக்குக் கீழே யாருடைய சட்டையையோ ஒட்டியவையும் உண்டு. ஆச்சியோ பாட்டாவோ (தாத்தா) நல்ல தெம்போடு இருக்கும்போதே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அந்த முகத்துக்கு வேண்டிய ஒளியை அமைத்து எடுக்க ஒரு மணி நேரம் போதும். அந்த மணி நேரத்தில் முக்கால் பங்கு அவர்கள் அறைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் ஊர் வயதானவர்களின் படத்தில் இரண்டு விஷயங்கள் எப்போதும் மோதும்: தோல் மாநிறம் அல்லது கறுப்பு, உடுத்தியிருப்பது வெள்ளை. முண்டும் நேரியலும் (மேல்துண்டு), வேட்டியும் துவர்த்தும் (துண்டு), வெள்ளை முக்காடு, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருக்கும் வெள்ளைச் சேலை. துணிக்கு ஏற்ற வெளிச்சம் வைத்தால் முகம் மங்கும். முகத்துக்கு வைத்தால் துணி வெளுத்து வெறும் தாளாகிவிடும். கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி, இந்த இழுபறியைத் தீர்ப்பதற்காகத்தான்.

சாமான்கள்

கேமராவின் தலையில் செருகும் வகை ஃபிளாஷ் ஒன்று, அதைத் தள்ளி வைத்து இயக்க ஒரு ரேடியோ டிரிகர், 90 செ.மீ. எண்கோண சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷின் ஒளியை மென்மையாக்கும், வெள்ளைத் திரை போட்ட துணிப்பெட்டி), 2 மீட்டர் உயர ஸ்டாண்ட். கோடாக்ஸ் டிடி600 போல கையால் அளவு வைக்கும் ஃபிளாஷே போதும். தானாக அளக்கும் டிடிஎல் ஃபிளாஷ் இருந்தாலும் இந்த வேலைக்கு அதை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். படத்தில் வெள்ளை வேட்டி பெரிதாகத் தெரிந்தால், காட்சி மிக வெளிச்சமாக இருக்கிறது என்று அது ஃபிளாஷைக் குறைத்துவிடும். அடுத்த படத்தில் மடியில் கருஞ்சேலை வந்தால் கூட்டிவிடும். இரண்டு படத்துக்கு முகம் இரண்டு நிறம்.

சாஃப்ட்பாக்ஸுக்குப் பதில் ஃபிளாஷ் குடை வேண்டாமா என்று கேட்கலாம். விலை குறைவு, விரிப்பது எளிது. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடை ஒளியை நாலாபக்கமும் சிதறும். நம் வீடுகளில் சுவர் பச்சையோ, ரோசோ, வாடாமல்லியோ ஆக இருக்கும்; சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த நிறத்தைக் கன்னத்தில் பூசிவிடும். சாஃப்ட்பாக்ஸ் ஒளியை ஒரு பக்கமாக அனுப்புவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். வாங்கும்போது உள்ளே ஒரு திரை, வெளியே ஒரு திரை என இரண்டு வெள்ளைத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைத் திரை உள்ளதில் நடுவில் பளிச்சென்ற வட்டம் விழும். அது அப்படியே நெற்றியில் தெரியும்.

பிறகு, நிழல் பக்கத்துக்கு ஒளியைத் திருப்பிவிட, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தெர்மோகோல் தாள் இரண்டு. ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் வரும். நீளவாக்கில் டேப் போட்டு ஒட்டினால் மடக்கி நிற்க வைக்கலாம். ஒரு பக்கத்தில் கறுப்புச் சார்ட் ஒட்டிவிட்டால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரே பலகை. ஸ்டாண்டின் காலில் 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கடற்கரை ஊர்களில் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்தால் வரும் காற்றுக்கு சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம்தான்.

பின்னணிக்கு அச்சடித்த ஃபிளெக்ஸ் வேண்டாம், மினுங்கும். மங்கிய சாம்பல் அல்லது காப்பி நிறத்தில் பேன்ட் துணி 3 மீட்டர் வாங்கி இஸ்திரி போட்டுக் கயிற்றில் கிளிப் போட்டு இழுத்துக் கட்டுங்கள். மடித்த தடம் படத்தில் தெரியும். பிறகு கம்ப்யூட்டரில் அழிக்க உட்காருவதைவிட இஸ்திரிப் பெட்டி எளிது. சுவர் வெளிர் நிறமாக, ஆணியும் காலண்டரும் இல்லாமல் இருந்தால் துணியே வேண்டாம். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

அறையைத் தயார் செய்வது

நாற்காலியைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் போடுங்கள். சிவப்பு, நீல பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது, கைப்பிடியின் நிறம் வெள்ளைத் துணியில் ஏறும். மரநாற்காலி நல்லது. கைப்பிடி இருந்தால் வயதானவர்களுக்கு எழுந்து உட்கார எளிது. முதுகுக்குப் பின்னால் தலையணை ஒன்றைச் சொருகினால் நாற்காலியின் முன்பாதியில் நிமிர்ந்து உட்காருவார்கள். சாய்ந்து உட்கார்ந்தால் கழுத்து சட்டைக்குள் புதைந்து நாடி இரட்டையாகும்.

சிவப்பு சிமெண்ட் தரை உள்ள பழைய வீடுகளில் நாற்காலிக்கு முன்னால் வெள்ளை விரிப்பு ஒன்றை விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாடிக்கு அடியிலும் முண்டின் கீழ் மடிப்புகளிலும் செம்மை ஏறி, என்ன செய்தாலும் நிறம் சரிவராது.

மின்விசிறியைக் கவனியுங்கள். சாதாரண விசிறியின் வீச்சு 1200 மி.மீ., அதாவது நடுவிலிருந்து 60 செ.மீ. உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். சாஃப்ட்பாக்ஸின் நடு அதற்கு 45, 50 செ.மீ. மேலே வந்தால் அதன் மேல்விளிம்பு 2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நிற்க வைத்து எடுத்தால் அதே விளிம்பு இன்னும் ஒன்றே கால் அடி மேலே போய் இறக்கையைத் தொடும். மரத்தட்டு போட்ட வீடுகளில் விசிறி இன்னும் தாழ்வாக இருக்கும். விசிறியை நிறுத்திவிடலாம் என்றால் வேர்வை பிரச்சினை. ஆகவே உட்கார வைத்து எடுப்பது, ஸ்டாண்டை விசிறிக்குக் கீழே இல்லாமல் ஒதுக்கி வைப்பது, விசிறியை மெதுவாக ஓடவிடுவது. இதுதான் நடக்கிற வழி.

கேமராவில் மேனுவல் முறை, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப் 5.6, வெள்ளைச் சமநிலை 5500 கெல்வின், கோப்பு ரா (பிறகு திருத்த வசதியாக, கேமரா பதப்படுத்தாமல் சேமிப்பது). பெரும்பாலான கேமராக்களில் ஷட்டரை 1/250-க்கு மேல் ஏற்றினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். மலிவு டிரிகர்களில் அதற்கு முன்பே விழும், ஆகவே 1/160 பத்திரம். லென்ஸ், சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ., முழுச் சட்டக கேமராவில் 85. முகத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். இதைவிடக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகி, காது சிறுத்துவிடும்.

ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் டியூப்லைட்டோ ஜன்னலோ கலக்கிறது என்று பொருள். அணைத்து, மூடிவிட்டுப் பிறகுதான் ஃபிளாஷைத் தொட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான் ஒரு கன்னம் மஞ்சளும் மறு கன்னம் நீலமுமாக வருகிறது.

தூரம்

சாஃப்ட்பாக்ஸை முகத்திலிருந்து ஒரு மீட்டரில் வையுங்கள். அதன் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். விளக்கின் அகலமும் தூரமும் ஒன்றாக இருக்கும்போது ஒளி மெத்தென்று விழும். பலர் ஆச்சிக்குக் கண் கூசும் என்று விளக்கைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். தள்ள வைத்தால் விளக்கு முகத்துக்குச் சிறிதாகிவிடுகிறது. நிழல் கத்தி போல் விழும், நெற்றியில் மினுக்கம் புள்ளியாகக் குவியும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒரு பங்கு, ஆகவே ஃபிளாஷை நாலு மடங்கு கூட்டவும் வேண்டும். கண் கூசுவதும் குறையாது.

கிட்டே வைப்பதில் இன்னொரு லாபம் பின்சுவர். முகம் விளக்கிலிருந்து ஒரு மீட்டர், சுவர் இரண்டரை மீட்டர் என்றால், சுவரில் விழுவது முகத்தில் விழுவதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு, இரண்டரை ஸ்டாப் இறக்கம் (ஒரு ஸ்டாப் இறக்கம் என்றால் ஒளி பாதியாவது). வெளிர்மஞ்சள் சுவர் அமைதியான பழுப்பாக மாறிவிடும். வெள்ளைச் சுவர் சாம்பலாகும். துணி வாங்காமல் பின்னணி கிடைத்துவிட்டது. விளக்கை இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் இந்த இறக்கம் ஒன்றரை ஸ்டாப்பாகச் சுருங்கி, சுவரில் உள்ள விரிசலும் சுண்ணாம்புத் திட்டும் தெரிய ஆரம்பிக்கும்.

மூக்கின் நிழலைப் பாருங்கள்

விளக்கை எங்கே வைப்பது என்று கேட்டால், ஆச்சியின் மூக்குக்குப் பக்கத்தில் விழும் நிழல்தான் பதில் சொல்லும். பெரியவர்களை உட்கார வைப்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு பிள்ளையை அந்த நாற்காலியில் உட்கார வைத்து இதைச் செய்து பழகிவிடுங்கள்.

முதலில் விளக்கை நேர் முன்னால், கேமராவுக்கு மேலே. மூக்கின் நிழல் நேராக மேலுதட்டுக்கு வரும். அங்கிருந்து முகத்தைச் சுற்றி ஒரு சாண் ஒரு சாணாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், தூரம் மாறாமல். இரண்டு சாண் நகர்ந்ததும் நிழல் மூக்கின் ஓரத்தில் சின்ன வளையமாக இறங்கும். மூன்று, மூன்றரை சாணில் அந்த நிழல் கன்னத்து நிழலோடு போய்ச் சேர்ந்து, இருண்ட கன்னத்தில் கண்ணுக்குக் கீழே வெளிச்ச முக்கோணம் ஒன்று நிற்கும். ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் சொல்லப்படுகிற ஒளி அதுதான். அதற்கு மேலும் போனால் முகம் பாதியாகப் பிளக்கும்.

வட்ட முகத்துக்கு முக்கோண ஒளி நன்றாக இருக்கும். முகத்தை விளக்கின் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லி, கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கன்னத்தை நிழலில் விட்டால் இன்னும் ஒடுங்கித் தெரியும். கன்னம் ஒட்டி, எலும்பு துருத்திய முகத்துக்கு அதே ஒளியைக் கொடுத்தால் நோயாளி போலாகிவிடுவார்கள். அவர்களுக்கு விளக்கு நேர்முன்னால், ஒரு சாணுக்கு மேல் நகர வேண்டாம். கட்டுப்பல் இருந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாமல் எடுத்த படத்தில் எந்த விளக்கும் கன்னத்தை நிரப்பாது.

உயரத்தைக் கண் சொல்லும். கருவிழியின் மேல்பாதியில், கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கும் இடத்தில், சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைப் பிம்பம் தெரிய வேண்டும். வயதானவர்களுக்கு இமை தொய்ந்து, கண் உள்ளே போயிருக்கும். பிம்பம் தெரியவில்லை என்றால் விளக்கு உயரம் அதிகம். தெரியும் வரை இறக்குங்கள். முக்காடோ சேலைத் தலைப்போ போட்டவர்களுக்கு இன்னும் ஒரு சாண் இறக்க வேண்டியிருக்கும், துணியின் விளிம்பு நெற்றியில் நிழல் போடுவதால். அல்லது முக்காட்டை இரண்டு விரல் பின்னால் நகர்த்த அவர்களிடமே கேட்கலாம், சம்மதமானால் மட்டும். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்குச் சில கோணங்களில் உள்ளே வைத்த லென்ஸ் பளிச்சென்று மினுங்கும். விளக்கையோ முகத்தையோ துளி நகர்த்தினால் போய்விடும்.

சுருக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கு பக்கவாட்டில் போகப் போகச் சுருக்கங்கள் ஆழமாகத் தெரியும், முன்னால் வர வர மெலியும். எவ்வளவு வேண்டும் என்பதை இந்த நகர்த்தலிலேயே தீர்மானித்துவிடுங்கள். பின்னால் ஆப்பில் வழவழப்பாக்கினால், ஆச்சி காணாமல் போய் அவருடைய தங்கை மகள் மாதிரி யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெயிலில் நின்று வேலை பார்த்த முகத்தில் அந்தக் கோடுகள் இருப்பதுதான் சரி.

தெர்மோகோலை விளக்குக்கு எதிர்ப்பக்கம், கன்னத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி நிறுத்துங்கள். நிழல் பக்கம் வெளிச்சப் பக்கத்தைவிட ஒன்றரை ஸ்டாப் குறைவாக இருந்தால் பார்க்க இதமாக இருக்கும். அருகே கொண்டுபோனால் நிழல் கரையும், தள்ளினால் கூடும். பாட்டாவுக்குக் கொஞ்சம் கம்பீரம் வேண்டும் என்றால் பலகையைத் திருப்பிக் கறுப்பைக் காட்டுங்கள். மடியில் இருக்கும் வெள்ளை முண்டே இன்னொரு ரிஃப்ளெக்டர். நாடிக்கு அடியிலும் கழுத்து மடிப்பிலும் ஒளி தரும். சிவப்போ பச்சையோ சேலை என்றால் அந்த நிறம் நாடியில் ஏறும். படத்தில் தெரியாதபடி மடியில் ஒரு வெள்ளைத் துவர்த்தை விரித்தால் போதும்.

வெள்ளைத் துணியும் மாநிறமும்

ஃபிளாஷை 1/8-இல், அதாவது முழு அளவில் எட்டில் ஒரு பங்கில், தொடங்கி ஒரு படம். கேமராவில் அதிவெளிச்ச எச்சரிக்கையை இயக்கிவிடுங்கள், வெளுத்த இடம் சிமிட்டும். இருட்டறையில் கேமராத் திரை எப்போதும் உண்மையைவிடப் பிரகாசமாகத்தான் தெரியும், கண்ணை நம்ப வேண்டாம். வெள்ளைத் துணி சிமிட்டத் தொடங்கும் வரை ஃபிளாஷைக் கூட்டி, சிமிட்டியதும் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். அங்கே நிறுத்தி முகத்தைப் பாருங்கள்.

முகம் மங்கலாக இருந்தால் ஃபிளாஷைக் கூட்டாதீர்கள். கூட்டினால் துணி போய்விடும். துணிக்குப் போகும் ஒளியைக் குறைத்து முகத்துக்குக் கூட்ட மூன்று வழி உண்டு. விளக்கைச் சற்று உயர்த்தி முகத்துக்கு நெருக்கினால் மடிக்குப் போகும் தூரம் ஒப்பளவில் கூடி, அங்கே ஒளி குறையும். அல்லது சாஃப்ட்பாக்ஸின் முகப்பைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி, அதன் கீழ்விளிம்பின் ஒளி மட்டும் மார்புக்கு விழும்படி செய்யலாம். அல்லது சாஃப்ட்பாக்ஸின் கீழ்ப்பகுதியை ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புச் சார்ட்டால் மறைத்துக் கிளிப் போடலாம். மூன்றாவது பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் மிக நிச்சயமான வழி அதுதான். இதன் பிறகு ஃபிளாஷை மறுபடி அளந்தால் முகத்துக்கு அரை ஸ்டாப்புக்கு மேல் கிடைத்திருக்கும். மீதியை ரா கோப்பில் நிழலை ஏற்றி எடுத்துக்கொள்ளலாம்.

நேரியலின் கசவுக் கரை சிமிட்டினால் கவலை வேண்டாம், உலோக இழை மினுங்கத்தான் செய்யும். நெஞ்சின் குறுக்கே பட்டையாக எரிந்தால் மட்டும் மடிப்பை விளக்கிலிருந்து கொஞ்சம் திருப்பி விடுங்கள். திருநீறு தடிமனாகப் பூசியிருந்தால் வெள்ளைத் திட்டாகிவிடும், மெல்லிய பூச்சு போதும். சந்தனம் நன்றாக வரும்.

கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தை வரைவது நிழலைவிட மினுக்கம்தான். கன்னமேட்டில், மூக்குத்தண்டில், புருவத்துக்கு மேலே நீளும் மெல்லிய பளபளப்பு இல்லாவிட்டால் முகம் தட்டையாகிவிடும். பெரிய விளக்கை நெருக்கி வைத்தால் அந்த மினுக்கம் அகலமாக, மென்மையாகப் பரவும்; சின்ன விளக்கு அதையே எண்ணெய்ப் புள்ளியாக்கும். ஆகவே முகத்தை முழுக்க உலர்த்திவிடக் கூடாது. தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றியில் இறங்கியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நிமிடம் கழித்து டிஷ்யூ தாளால் ஒற்றுங்கள், தேய்க்காமல். டால்கம் பவுடர் வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பவுடர் ஃபிளாஷில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும், குறிப்பாகக் காதோரத்திலும் கழுத்திலும். சன்ஸ்கிரீன் கிரீம்களும் அப்படியே. ஆனால் வெளியே போகும்போது பவுடர் பூசுவது அவர்களுக்குப் பழக்கம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பூசிக்கொண்டுதான் வந்து உட்காருவார்கள்.

கண்ணாடியும் நகையும்

மூக்குக்கண்ணாடியை எப்போதும் போடுபவர் என்றால் போட்டேதான் எடுக்க வேண்டும். ஒளி எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும், அவ்வளவுதான் கணக்கு. கண்ணாடியில் விளக்கின் வெள்ளைப் பிம்பம் தெரிந்தால் முதலில் விளக்கை ஒரு சாண் உயர்த்துங்கள். போதாவிட்டால் இன்னும் பக்கவாட்டில். அப்படியும் நின்றால் கண்ணாடியின் கால்களைக் காதின் மேல் அரை செ.மீ. தூக்கி வையுங்கள், வில்லை கொஞ்சம் தரையைப் பார்க்கும், பிம்பம் கீழே போய்விடும். நேர்முன்னிருந்து பார்த்தால் கால் தூக்கியிருப்பது தெரியாது. வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டவர் வெளியிலிருந்து நேராக வந்தால் பத்து நிமிடம் உள்ளே இருக்கட்டும். தெர்மோகோலும் கண்ணாடியில் தெரியும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். விளக்கை எங்கே நகர்த்தினாலும் போகாத ஒரு வெள்ளைப் பட்டை இருந்தால் அது பலகையின் பிம்பம்தான்.

தங்கம் ஃபிளாஷில் கண்ணாடி போல எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருட்டு என்றால் சங்கிலி கறுப்பாகத் தெரியும். ஒரு பக்கம் சாஃப்ட்பாக்ஸ், மறுபக்கம் தெர்மோகோல் என்றால் இரண்டு பக்கமும் மஞ்சள் விளிம்பு வரும். வடித்த காதில் பாம்படம் தொங்கும் ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் படமெடுக்கும்போது அந்தக் காது விளக்கின் பக்கம் இருக்கட்டும், முகம் கால்வாசி மட்டும் திரும்பட்டும். நிழல் பக்கத்தில் விட்டால் காதின் வளைவும் நகையின் முடிச்சும் கழுத்து நிழலில் கரைந்துபோகும்.

நரைத்த தலைக்குப் பின்விளக்கு வேண்டாம், வெள்ளை எரிந்துவிடும். கறுத்த முடியும் கருநிறப் பின்னணியும் என்றால் தலை எங்கே முடிகிறது என்று தெரியாது. நாற்காலியைச் சுவருக்கு அரை மீட்டர் நெருக்கினால் சுவர் கொஞ்சம் வெளுத்து முடியைப் பிரித்துக் காட்டும். அதற்காக இரண்டாவது ஃபிளாஷ் வாங்க வேண்டியதில்லை.

ஃபிளாஷ் இல்லாவிட்டால்

பெரும்பாலான கைப்பேசிகளால் வெளி ஃபிளாஷை நேரத்துக்கு இயக்க முடியாது. அதற்கு எல்இடி வீடியோ விளக்கு அல்லது ஜன்னல். எல்இடி என்றால் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேல் இருக்கட்டும், வீட்டு பல்பில் தோல் பச்சையோடும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். படத்தில் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்துங்கள். கைப்பேசியில் 2 அல்லது 3 மடங்கு லென்ஸைத் தேர்ந்து தள்ளி நின்று எடுங்கள். முகத்தைத் தொட்டு, வரும் சூரியக் குறியைத் துணி வெளுக்காத அளவுக்கு இறக்குங்கள்.

ஜன்னல் என்றதும் புத்தகங்கள் வடக்கு ஜன்னலைச் சொல்லும், நேர்வெயில் வராது என்பதால். அது ஐரோப்பாவுக்குச் சரி. நாகர்கோவில் ஏறக்குறைய 8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்கே நிற்கும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் வெயில் வடக்கு ஜன்னலுக்குள் சாய்வாக விழும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் நமக்கு நிழல் ஜன்னல். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வடக்கு. ஆனி, ஆடிச் சாரல் நாட்களிலும் ஐப்பசி மழையிலும் மேகம் மூடியிருந்தால் எந்த ஜன்னலும் ஆகும், அளவு மட்டும் குறையும்.

ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளி நாற்காலி. கம்பியும் மரச்சட்டமும் கன்னத்தில் கோடு போடும் என்றால் வெளுத்த வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டுங்கள், அதுவே சாஃப்ட்பாக்ஸ். நடுமுற்றம் உள்ள ஓட்டு வீடென்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் முற்றத்துக்குள் உட்கார வைக்காதீர்கள். ஒளி உச்சியிலிருந்து விழுந்து கண் இரண்டும் குழியாகிவிடும். முற்றத்தைப் பார்த்து, இறவாரத்துக்கு உள்ளே ஒரு மீட்டர் தள்ளி உட்கார வைத்தால் ஒளி சாய்வாக வரும், கண்ணில் முற்றத்து வானம் தெரியும்.

உட்கார்ந்த பிறகு

எல்லாம் ஆன பிறகுதான் ஆச்சியை அழைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள், அதற்குள் தோள் தொங்கி முகம் களைத்துவிடும். முதல் இரண்டு ஃபிளாஷுக்குக் கண் மூடுவார்கள், அது கணக்கில் இல்லை. "ஆச்சி, நாடியக் கொஞ்சம் தாத்துங்க, இஞ்ச பாருங்க" என்று பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள், காது மந்தமானவர்களுக்குத் தோளைத் தொட்டுக் காட்டுங்கள். "பாட்டா, வெட்டத்தப் பாக்காதீங்க" (வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள்) என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும். சிரிக்கச் சொன்னால் உதடு மட்டும் இழுபடும். மண்டைக்காட்டுக் கொடைக்கு நடந்து போன காலத்தையோ, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவையோ கேளுங்கள். பேசும்போது எடுத்தால் வாய் கோணும். சொல்லி முடித்து வாயை மூடி உங்களைப் பார்க்கும் அந்த நொடியில் எடுங்கள்.

கணவன் மனைவி சேர்ந்து என்றால் ஒரு மீட்டர் போதாது, விளக்குக்குக் கிட்டே இருப்பவர் வெளுத்துவிடுவார். இரண்டு மீட்டருக்குத் தள்ளி, சாஃப்ட்பாக்ஸை தூரத்தில் இருப்பவரை நோக்கித் திருப்பி, அப்பர்ச்சரை எஃப் 8 ஆக்குங்கள். அதற்கேற்ப ஃபிளாஷ் எட்டு மடங்கு கூட வேண்டும். 1/8-இல் இருந்தது முழு அளவுக்குப் போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் பேட்டரி மறுபடி நிறையக் காத்திருங்கள், அல்லது ஐஎஸ்ஓவை 400 ஆக்கிக்கொள்ளுங்கள்.

பிரிண்ட்

12-க்கு 18 அங்குலத்துக்கு 3600 × 5400 பிக்சல் இருந்தால் தாராளம். லேபில் கொடுக்கும்போது நிறத்திருத்தம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் முகத்தை வெளுத்துத் தருவார்கள். வீட்டிலேயே சிலர் அப்படிக் கேட்கவும் செய்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். இவ்வளவு நேரம் விளக்கை நகர்த்தி எடுத்தது அந்த நிறத்துக்காகத்தான். கணினித் திரை பிரகாசமாக இருந்தால் தாளில் மாநிறம் கறுத்து வரும். ஆகவே முதலில் 4-க்கு 6 அளவில் ஒன்று போட்டு, படம் மாட்டப்போகும் அறையில், மாட்டப்போகும் இடத்திலேயே பிடித்து இரவில் பாருங்கள். கறுத்திருந்தால் நடுத்தர நிறங்களை மட்டும் ஏற்றி இன்னொன்று போடுங்கள்.

தாள் மேட்டாக இருக்கட்டும். சட்டகத்தில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் ஈரத்துக்குப் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க முடியாது. சட்டகத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் கார்க் துண்டு இரண்டை ஒட்டினால் ஓதம் ஏறிய சுவரைத் தொடாமல் காற்றோட்டத்தோடு நிற்கும்.